முறிந்த காலுக்கு இரண்டு விலை

கடிதத்தை மூன்றாம் முறை வாசித்து முடித்தபோது ஜெனவியேவின் கையிலிருந்த பேனை இரண்டாக முறிந்தது.

“இந்த மாசம் இது நாலாவது,” என்றார் மகாலிங்கம், குப்பைக் கூடையை அவள் பக்கம் காலால் தள்ளியபடி. “கோவத்துக்குப் பென்சில் பாவியுங்கோ பிள்ளை. முறிஞ்சாலும் ரெண்டு துண்டும் எழுதும்.”

ஜெனவியேவ் சிரிக்கவில்லை. பிரான்சில், லா சப்பலின் ரூ காய் தெருவில் ஒரு சேலைக் கடைக்கு மேல்மாடி, ஒரு அறை, ஒரு ஜன்னல். இவ்வளவுதான் அவளுடைய துப்பறியும் நிலையம். இங்கே வருவதற்கு முன்னர் ஆறு வருடம் ஒரு காப்புறுதி நிறுவனத்தில் விபத்துக் கோப்புகளோடு குடித்தனம் நடத்தியவள். மகாலிங்கம் இருபத்தெட்டு வருடம் ஹோட்டல் ஒன்றின் வரவேற்பு மேசையில் நின்றவர். பொய்ப் பெயரில் அறை கேட்ட ஆயிரம் பேரைப் பார்த்தவனுக்கு வேறு என்ன தகுதி வேண்டும் என்று சொல்லி, அவராகவே உதவியாளராக வந்து சேர்ந்துகொண்டவர்.

எதிரே இரண்டு கதிரைகளைப் பிடித்துக்கொண்டு ஒரு மனிதர் இருந்தார். ஒன்றில் அவர். மற்றதில் அவருடைய வலது கால். பெயர் றெமிஜியஸ். நான்கு கட்டிடம் தள்ளியுள்ள உணவகத்தில் தோசைக் கல்லுக்கு முன்னால் பத்து மணித்தியாலம் நிற்கிற சமையற்காரர். சரியாகச் சொன்னால், பதினான்கு மாதங்களுக்கு முன்புவரை நின்றவர். பின்பக்கமாக வந்த சாமான் வான் ஒன்று அந்தக் காலை மூன்று இடத்தில் முறித்தது. மனைவி சிசிலியா அவருக்குப் பின்னால் ஊன்றுகோலைப் பிடித்தபடி நின்றாள். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை.

“வான்காரன்ரை காப்புறுதி ஏப்ரலிலை நட்டஈடு தந்தது,” என்றாள் சிசிலியா. “இப்ப எங்கடை முத்துவெல் அதை முழுக்கத் திருப்பிக் கேக்குது.”

முத்துவெல் என்றால், அரசாங்கம் கொடுத்தது போக மிச்ச மருத்துவச் செலவைக் கட்டுகிற காப்புறுதி. மாதாமாதம் சம்பளத்தில் பிடிப்பார்கள். றெமிஜியஸின் முத்துவெல்லின் பெயர் பெப்ளியே. கடிதத்தின் தலையில் அதன் பச்சை மரம் அழகாக நின்றது. அதன் கீழே இருந்தவைதான் அழகாக இல்லை. மூன்றாம் தரப்பிடம் நட்டஈடு பெற்றதை எமக்கு மறைத்துவிட்டீர்கள். பெற்ற மொத்தத் தொகையான 19,000 ஈரோவையும் திருப்பிச் செலுத்துக. தவறினால் உங்கள் காப்புறுதி நிறுத்தப்படும்.

“திங்கக்கிழமை இவருக்கு ரெண்டாவது ஒப்பரேசன்,” என்றாள் சிசிலியா. “உள்ளுக்கு வைச்ச தகடு விலகிப்போச்சு. இந்த மாசத்துக்குள்ளை திருத்தாட்டில் கால் வளைஞ்சபடியே பொருந்தியிடும், பிறகு ஒண்டும் செய்யேலாது எண்டு டொக்டர் சொன்னவர். இவர் என்ன செய்தவர் தெரியுமோ? காப்புறுதி நிண்டால் ஆர் காசு கட்டுறதெண்டு நேற்று ஹொஸ்பிற்றலுக்குப் போன் அடிச்சு நிப்பாட்டிப்போட்டார்!”

“நான் என்ன செய்யிறது?” என்றார் றெமிஜியஸ். தரையைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஜெனவியேவின் காது சூடாகியது. “அண்ணை, வடிவாக் கேளுங்கோ. முத்துவெல்லுக்கு ஒரு உரிமை இருக்கிறது உண்மை. வான்காரன் செய்த பிழைக்கு அவை ஹொஸ்பிற்றல் காசு கட்டினவை. அதைத் திருப்பிக் கேக்கலாம். ஆனால் வான்காரன்ரை காப்புறுதியிட்டைக் கேக்கவேணும். அதுவும் தாங்கள் கட்டினதை மட்டும். உங்கடை வலிக்குத் தந்த காசிலை அவைக்கு ஒரு சதம் கிடையாது. அவையளோ வலியிலை கத்தினது?”

“நான் கத்தேல்லை,” என்றார் றெமிஜியஸ் மெதுவாக.

“கத்தினவர்,” என்றாள் சிசிலியா.

ஜெனவியேவ் நட்டஈட்டு ஒப்பந்தத்தை விரித்தாள். வலிக்கு ஒன்பதாயிரம். நிரந்தரக் குறைபாட்டுக்கு எண்ணாயிரத்து நானூறு. இழந்த சம்பளத்துக்கு ஆறாயிரம். மருத்துவச் செலவு என்ற வரியில் மட்டும் ‘ஞாபகத்துக்காக’ என்று எழுதி, பூச்சியம் போட்டிருந்தது. அந்தச் செலவை றெமிஜியஸிடம் கொடுக்கவே இல்லை. கொடுக்காததை எப்படித் திருப்பிக் கேட்பது? அவளுடைய விரல் மொத்தத்தில் வந்து நின்றது.

“இதிலை இருபத்துமூவாயிரத்து நானூறு. கடிதத்திலை பத்தொன்பதாயிரம். ஏன்?”

றெமிஜியஸ் தன் சப்பாத்துக் கயிற்றை ஆராய்ந்தார். “பிழையா அடிச்சிருப்பாங்கள் தங்கச்சி.”

இருந்த கோபத்தில் அவள் அந்தக் குரலின் வழுக்கலைக் கவனிக்கவில்லை. அதற்காகப் பிறகு தன்னையே திட்டிக்கொண்டாள்.

“நாலு மணிக்கு ரேமண்ட் அண்ணையிட்டை முதலாம் தவணை குடுக்கவேணும்,” என்றாள் சிசிலியா. கைப்பையிலிருந்து ஒரு காசோலையை எடுத்தாள். ஆறாயிரம் ஈரோ, கையெழுத்தும் வைத்தாயிற்று. பெறுபவர் பெயர் மட்டும் வெறுமை. “ரேமண்ட் அண்ணைதான் கடிதத்தை வாசிச்சுச் சொன்னவர். போனிலை அவையளோடை கதைச்சு, மூண்டு தரமாக் கட்டலாம் எண்டு எடுத்துத் தந்தவர். பேர் எழுதவேண்டாமாம், அங்கை சீல் குத்துவினமாம்.”

ரேமண்டைத் தெரியாதவர் லா சப்பலில் இல்லை. போன் கடையின் பின்னறையில் ஒரு போட்டோகொப்பி இயந்திரத்தோடு இருந்து, இருபது வருடமாக ஊருக்கெல்லாம் பிரெஞ்சுக் கடிதம் எழுதிக் கொடுக்கிறவர்.

“நான் வரும்வரைக்கும் அந்தச் செக்கை ஒருத்தருக்கும் குடுக்காதேங்கோ,” என்று ஜெனவியேவ் மேலங்கியை இழுத்தாள். “மகாலிங்கம் அண்ணை, வெளிக்கிடுங்கோ. பெப்ளியேக்குப் போறம்.”

“பேனையை விட்டிட்டு வாங்கோ,” என்றார் மகாலிங்கம். “அங்கை மனுசர் இருப்பினம்.”

*

பெப்ளியேயின் அலுவலகம் காரே து நோர் ரயில் நிலையத்துக்கு அப்பால், நடந்தால் பதினைந்து நிமிடம். ஜெனவியேவ் ஒன்பது நிமிடத்தில் போனாள். வழி முழுக்க ஒரு பேச்சைத் தயார் செய்தாள். அதில் வெட்கம் என்ற சொல் நான்கு தடவையும் நீதிமன்றம் என்ற சொல் ஆறு தடவையும் வந்தன. தலைக்கு மேலே மெற்றோ இரும்புப் பாலத்தில் உறுமிக்கொண்டு போனது. அது தனக்காக உறுமுவதாக அவளுக்குத் தோன்றியது.

மேசைக்குப் பின்னால் இருந்த இளைஞனின் மார்பில் அர்னோ என்று எழுதியிருந்தது. அவள் கடிதத்தை அவன் முன்னால் அறைந்து வைத்து, பேச்சைப் பிரெஞ்சில் தொடங்கினாள். முதலாவது வெட்கத்திலேயே அவன் கையை உயர்த்தினான்.

“மன்னிக்க வேண்டும். இது எங்கள் கடிதம் இல்லை.”

“உங்கள் மரம் இருக்கிறது!”

“மரம் எங்களுடையது. மிச்சம் இல்லை.” அவன் கணினியைத் திருப்பிக் காட்டினான். “பாருங்கள். ஒப்பந்தத்துக்கு முன்னரே வானின் காப்புறுதி எங்களுக்குப் பதிவுத் தபாலில் அறிவித்தது. நாங்கள் கட்டிய மருத்துவமனைச் செலவை மார்ச்சில் திருப்பித் தந்துவிட்டது. கோப்பு மூடியாயிற்று. இந்த மனிதரிடம் கேட்க எங்களுக்கு ஒன்றுமே இல்லை. கேட்டால், ஒரே செலவை இரண்டு தரம் வாங்கியவர்கள் ஆவோம்.”

“அவருடைய காப்புறுதி?”

“ஓடிக்கொண்டிருக்கிறது. திங்கட்கிழமை சத்திரசிகிச்சைக்கு அனுமதியும் கொடுத்தாயிற்று.” அவன் கடிதத்தை மறுபடி பார்த்தான். “இதில் உறுப்பினர் இலக்கம்தான் இருக்கிறது. இப்படியான கடிதத்தில் நாங்கள் கோப்பு இலக்கம் போடுவோம். அவருடைய அட்டையைப் பார்த்த யாரோ எழுதியிருக்கிறார்கள்.”

தொண்டைவரை வந்த பேச்சை ஜெனவியேவ் விழுங்கினாள். அது ஒரு வேகாத உருளைக்கிழங்கைப் போல இறங்கியது.

வெளியே வந்ததும் மகாலிங்கம் சொன்னார்: “பாவம் அந்தப் பொடியன். சண்டை பிடிக்க வந்த ஆளுக்கு நல்லவனாய் இருந்தால் எவ்வளவு கஷ்டம்.”

“நான் ஒரு மடைச்சி அண்ணை. அப்பிடி ஒரு உரிமை இருக்கெண்டு எனக்குத் தெரியும். அதாலை கடிதத்தை நம்பினன். எழுதினவனுக்கும் அது தெரியும். உண்மையான சட்டத்துக்கு மேலை பொய்யை ஏத்தி விட்டிருக்கிறான்.”

“அட்டை பாத்த ஆள் எண்டால் ஆர்? டொக்டர், மருந்துக்கடை, பல்லு டொக்டர், ரேமண்ட்... லா சப்பலிலை பாதிப்பேர்.”

“அட்டையை விடுங்கோ.” அவள் நடைபாதையின் நடுவில் நின்றுவிட்டாள். மரக்கறி வண்டி தள்ளி வந்தவர் அவளைச் சுற்றிக்கொண்டு போனார். “தொகையைப் பாருங்கோ. உண்மையான தொகை தெரிஞ்சவன் இருபத்துமூவாயிரத்து நானூறு எண்டு எழுதுவான். தெரியாதவன் தொகையே எழுதமாட்டான். இவன் மொத்தம் பத்தொன்பதாயிரம் எண்டு அடிச்சுச் சொல்லுறான். அப்ப ஆரோ அவனுக்கு அந்தத் தொகையைச் சொல்லியிருக்கினம்.”

“கள்ளனுக்கே பொய் சொன்ன ஆளோ? அவரை நான் கும்பிடவேணும்.”

“கும்பிடுங்கோ. அவர் எங்கடை கந்தோரிலை ரெண்டு கதிரையிலை இருக்கிறார்.”

*

றெமிஜியஸ் முதலில் மறுத்தார். பிறகு தண்ணீர் கேட்டார். பிறகு சிசிலியாவைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொல்ல முடியுமா என்று கேட்டார். அதன் பிறகு சிசிலியாவை அங்கிருந்து நகர்த்த யாராலும் முடிந்திருக்காது.

“காசு வந்தது ஆருக்குத் தெரியும்?” என்றாள் ஜெனவியேவ்.

“இவளுக்கு. சார்செல் நகரசபையிலை சும்மா ஆலோசனை சொல்லுற சட்டத்தரணி அம்மாவுக்கு. அவதான் எல்லாம் செய்தவ. வேறை ஒருத்தருக்கும் சொல்லேல்லை. இஞ்சை காசு வந்ததெண்டு தெரிஞ்சால் கடன் கேட்டே மற்றக் காலையும் முறிச்சுப்போடுவாங்கள்.”

“அவை ரெண்டு பேருக்கும் எவ்வளவு எண்டு சொன்னியள்?”

“இருபத்துமூவாயிரத்து நானூறு.”

“பத்தொன்பதாயிரம் எண்டு ஆருக்குச் சொன்னியள்?”

கீழே சேலைக் கடையில் யாரோ ஒரு நிறத்தைப் பற்றி விவாதித்தார்கள்.

“அந்தோனியாருக்கு,” என்றார் றெமிஜியஸ்.

மகாலிங்கம் சட்டென்று கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

“காசு வந்தால் பத்திலை ஒண்டு தாறன் எண்டு நேந்தனான். வந்தாப் பிறகு... நன்றிக் கடிதம் எழுதிக் கோயில் பெட்டிக்குள்ளை போடுவம்தானே. அதிலை பத்தொன்பதாயிரம் எண்டு எழுதி, ஆயிரத்துத் தொளாயிரம் காணிக்கை போட்டன்.”

“அந்தோனியாரையே ஏமாத்தினியளோ!” சிசிலியாவின் குரல் கேட்டுக் கீழே சேலைக் கடையே அடங்கியது. “கோடி அற்புதருக்குக் கள்ளக் கணக்கோ! அதுதான் தகடு விலகினது!”

“நானூற்றி நாற்பது ஈரோ மிச்சம்,” என்று மனக்கணக்குப் போட்டார் மகாலிங்கம். “எங்கடை பிள்ளையார் பரவாயில்லை. அவர் தேங்காயை எண்ணுறேல்லை.”

ஜெனவியேவுக்கு இந்தமுறை கோபம் வரவில்லை. உள்ளே ஏதோ ஒரு கதவு மெல்லத் திறந்தது. “அக்கா, அந்தக் கடிதங்களை என்ன செய்யிறவை?”

“செவ்வாய்க்கிழமைத் தமிழ்ப் பூசையிலை வாசிக்கிறவை. இவரின்ரை கடிதத்தையும் வாசிச்சவை. விபத்திலை கால் முறிஞ்ச குடும்பத் தலைவர் ஒருவர், நட்டஈடு கிடைத்தமைக்காக நன்றி எண்டு.”

“தொகை?”

“தொகை சொல்லேல்லை. வாசிக்கிறவர் பேரையும் காசையும் விட்டிட்டுத்தான் வாசிப்பார். நாகரீகமான மனுசன்.” சொல்லிக்கொண்டு வந்த சிசிலியா திடீரென்று ஊன்றுகோலை இறுக்கிப் பிடித்தாள். “தங்கச்சி... அந்தப் பெட்டியைப் பூட்டுற திறப்பு அவரிட்டைத்தான்.”

“ஆரிட்டை?”

“ரேமண்ட் அண்ணையிட்டை.”

*

நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் நால்வரும் போன் கடையின் பின்னறைக்குள் நுழைந்தார்கள். ரேமண்ட் எழுந்து றெமிஜியஸுக்குத் தன் கதிரையைக் கொடுத்தார். வெள்ளைச் சேர்ட், மென்மையான குரல், ஒழுங்காக அடுக்கிய கோப்புகள்.

“செக் கொண்டு வந்தியளோ? அஞ்சு மணிக்கு முதல் நான் தபாலிலை போடவேணும். பிந்தினால் அவை பொல்லாதவை.”

“அண்ணை,” என்றாள் ஜெனவியேவ், “பத்தொன்பதாயிரத்தைக் கொஞ்சம் குறைக்கச் சொல்லிக் கேக்கேலாதே?”

“நான் கேக்காமல் விட்டனானோ பிள்ளை? அரை மணித்தியாலம் மன்றாடினனான். பேப்பர் தங்கடை கையிலை இருக்கு, வாங்கின தொகை அதுதான் எண்டு சொல்லிப்போட்டினம்.”

“எந்தப் பேப்பர்?”

“நட்டஈட்டுப் பேப்பர்தான். அதைப் பாத்துத்தானே கேக்கினம்.”

அவள் ஒப்பந்தத்தை மேசையில் வைத்தாள். மொத்தத்தின் மேல் விரலை வைத்துக்கொண்டு அவருடைய கண்களையே பார்த்தாள். அந்தக் கண்கள் இலக்கத்தை ஒரு தரம் வாசித்தன. மறுபடியும் வாசித்தன.

“இருபத்துமூவாயிரத்து நானூறு,” என்றாள். “பெப்ளியே அப்பிடி ஒரு கடிதமும் அனுப்பேல்லை. நாங்கள் அங்கையிருந்துதான் வாறம். பத்தொன்பதாயிரம் எண்டு உலகத்திலை ஒரேயொரு பேப்பரிலைதான் எழுதியிருந்தது. அதை ஒரு பெட்டிக்குள்ளை போட்டவை. அந்தப் பெட்டியின்ரை திறப்பு உங்கடை பொக்கற்றிலை.”

“றெமிஜியஸ்தான் என்னட்டைச் சொன்னவர். மறந்துபோனார்.”

“அந்தோனியாருக்கே உண்மை சொல்லாதவர்,” என்றார் மகாலிங்கம், “உங்களுக்கோ சொல்லப்போறார்?”

“சொல்லேல்லை,” என்றார் றெமிஜியஸ். கெஞ்சுவதுபோல இருந்தது அவர் குரல். “ரேமண்ட் அண்ணை, நான் உங்களுக்குச் சொல்லேல்லை. நீங்கள் பகிடிக்குத்தானே...”

ரேமண்டின் மென்மை ஒரு நொடியில் கழன்று விழுந்தது. “இருபது வருசம்!” என்றார். “இருபது வருசமா விசாவுக்கும் வீட்டுக்கும் பள்ளிக்கூடத்துக்கும் எல்லாருக்கும் எழுதினனான். அஞ்சு ஈரோ, சிலவேளை ஒரு தேத்தண்ணி. இவர் ரோட்டிலை விழுந்தார், ஏப்ரலிலை இவ்வளவு காசு. சும்மா வந்த காசு!”

ஜெனவியேவ் மேசையில் அறைந்தாள். கோப்பு அடுக்கு சரிந்து தரையெல்லாம் பரவியது.

“சும்மாவோ? ஒவ்வொரு சதமும் அந்தக் காலிலிருந்து வந்தது! முத்துவெல்லே கைவைக்க உரிமையில்லாத காசு அது. சட்டமே இது அவரின்ரை வலி, இதைத் தொடாதே எண்டு சொல்லுது. நீங்கள் அதைத் தொட்டியள். காசு போனாலும் உழைக்கலாம். உங்கடை கடிதத்துக்குப் பயந்து அவர் ஒப்பரேசனை நிப்பாட்டினவர். திங்கக்கிழமை ஒரு மனுசன் நொண்டியாகிறதை நீங்கள் இந்தக் கதிரையிலை இருந்து பாத்துக்கொண்டு இருந்திருப்பியள்!”

“ஒப்பரேசனோ?” ரேமண்டின் முகம் வெளிறியது. “நிப்பாட்டினது எனக்குத் தெரியாது.”

“காப்புறுதி நிக்கும் எண்டு எழுதினது ஆர்?”

சிசிலியா குனிந்து தரையில் சிதறியவற்றைப் பார்த்தாள். பச்சை மரம் போட்ட வெறும் தாள்கள். அவற்றோடு வேறு இரண்டு நிறுவனங்களின் தலைப்புத் தாள்களும் கிடந்தன. மகாலிங்கம் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, எண்ணி, தன் மேலங்கிக்குள் வைத்தார். “பொலிசுக்கு வாசிக்க ஏதும் வேணும்,” என்றார். இப்போது அவர் குரலில் பகிடி இல்லை.

ஜெனவியேவ் மேசைத் தொலைபேசியை ரேமண்டின் பக்கம் திருப்பினாள்.

“பொலிஸ் பிறகு. உங்கடை பிரெஞ்சு நல்ல பிரெஞ்சு எண்டு எல்லாரும் சொல்லீனம். ஹொஸ்பிற்றலுக்கு அடியுங்கோ. அந்த ஒப்பரேசனைத் திருப்பி எடுத்துத் தாங்கோ. சத்தமாப் போடுங்கோ, எல்லாரும் கேக்கட்டும்.”

அவர் இலக்கத்தை இரண்டு தரம் பிழையாக அழுத்தினார். மூன்றாம் தரம் சத்திரசிகிச்சைப் பிரிவின் செயலாளர் எடுத்தாள். திங்கட்கிழமை இடம் வேறொருவருக்குப் போய்விட்டது என்றாள். அடுத்தது ஏழு வாரத்துக்குப் பிறகு. சிசிலியா வாயைப் பொத்திக்கொண்டாள். ரேமண்ட் ஜெனவியேவைப் பார்த்தார். அவள் முகத்தில் ஒரு அசைவும் இல்லை. அவர் மறுபடி பேசினார். பிழை நோயாளியுடையது அல்ல என்றார். அவருக்குப் பொய்யான தகவல் கொடுக்கப்பட்டது என்றார். யார் கொடுத்தது என்று அந்தப் பெண் கேட்டாள். அந்த அழகான பிரெஞ்சு முதல் தடவையாகத் தடுக்கியது.

“நான்தான்,” என்றார்.

விசைப்பலகையின் சத்தம் நீண்ட நேரம் கேட்டது. கடைசியில் அந்தப் பெண் ஒரு நாளையும் நேரத்தையும் சொன்னாள். ரேமண்ட் நன்றி சொல்லித் தொலைபேசியை வைத்தார்.

“புதன்கிழமை,” என்றார் றெமிஜியஸிடம், தமிழில். “காலமை ஏழு மணி. முதல்நாள் இரவு பன்னிரண்டுக்குப் பிறகு ஒண்டும் சாப்பிடக் கூடாதாம்.”

இருபது வருடமாக றெமிஜியஸுக்குப் பிரான்ஸ் என்ன சொல்கிறது என்பது இந்தக் குரலில்தான் வந்தது. வீடு கிடைத்ததும், மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் இடம் கிடைத்ததும் இந்தக் குரலில்தான். அவர் ரேமண்டின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கதிரையோடு மெல்ல ஜெனவியேவின் பக்கம் திரும்பினார்.

“தங்கச்சி, இவர் சொன்னது சரியே?”

ஜெனவியேவின் கத்தலைத் தாங்கி நின்ற ரேமண்ட் இதைக் கேட்டதும் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

“சரி அண்ணை,” என்றாள் அவள். “புதன், ஏழு மணி.”

“எண்டால் எழுதித் தாங்கோ,” என்றார் றெமிஜியஸ். “உங்கடை கையெழுத்திலை.”